வால்வை மெதுவாகத் திற

— லைட்டை அணை.

— அணைச்சா என் வேலையோட அழகு தெரியாதே, இன்ஸ்பெக்டர் மேடம்.

— அழகு பார்க்க வரல. ஜன்னல் திரையையும் இழுத்து விடு. பின்னாடி இருக்கே... அதையும்.

— பட்டப்பகல்ல இப்படி இருட்டாக்கிட்டு உக்காந்திருந்தா, வெளிய நிக்கிறவன் பிளேனுக்குள்ள ரெண்டு பேரும் பேய் ஓட்டுறாங்கன்னு நினைப்பான்.

— பேய்தான் ஓட்டுறேன். நகரு. ஸ்ட்ரெச்சருக்குக் கீழ கையை விடாதே.

— நான் மாட்டின ஆக்சிஜன் சாமான், நானே தொடக்கூடாதா?

— மாட்டுற வரைக்கும் உன்னுது. இப்ப என்னுது. டார்ச் எங்க?

— உங்க மடியிலதான். அந்த நீல டார்ச்சைத் தவிர உலகத்துல வேற எதையாவது நம்புவீங்களா?

— ம்... சிலிண்டர் வாய், சரி. ரெகுலேட்டர்... சரி. ஸ்ட்ராப்பு இறுக்கம்... ம், நல்லா இறுக்கியிருக்கே.

— அப்பாடா. இதை எழுதி மாட்டி வெச்சுக்கலாம். ஆம்புலன்ஸ் ஹேங்கர் வாசலுக்கு வந்தாச்சு அண்ணி. கையெழுத்தைப் போட்டீங்கன்னா பேஷண்டை ஏத்திரலாம்.

— வேலை இடத்துல அண்ணின்னு கூப்பிடாதேன்னு எத்தனை வாட்டி சொல்றது.

— இத்தனை வருஷப் பழக்கம். நாக்கு மாற மாட்டேங்குது.

— உங்க அண்ணன் வீட்டை விட்டே வந்தாச்சு. உன் நாக்கு மட்டும் என்னை இன்னும் குடும்பத்துல வெச்சிருக்கு.

— பேப்பர்லயும் வெச்சிருக்கு. கோர்ட்டுக்குப் போக ரெண்டு பேருக்கும் சோம்பல். நான் என்ன பண்ண?

— பேச்சைக் குறை... இது என்ன?

— எது?

— இந்த ஜாயிண்ட். ஹோஸ் வந்து பேனல்ல சேருதே, இங்க. பாரு, மினுங்குது.

— டார்ச்சே நீலம்தானே.

— நீலம் வேற, இது வேற. பால் திரிஞ்ச மாதிரி ஒரு வெளுப்பு. எண்ணெய் பட்ட இடம் இந்த வெளிச்சத்துல இப்படித்தான் தெரியும்.

— எண்ணெயா? இல்ல, இருக்காது... தூசியா இருக்கும்.

— தூசியை எனக்குத் தெரியும்.

— கொடுங்க, துடைச்சிடறேன். ஒரு இழுப்பு.

— வெளிய தெரியுறதை நீ துடைப்பே. திருகு மரைக்குள்ள போனதை யாரு துடைக்கிறது?

— நகக்கண்ணு அளவுகூட இல்ல.

— அது போதும். ஆக்சிஜன் இருக்கிற இடத்துல எண்ணெய்க்குத் தீக்குச்சியே வேணாம். மேல போனதும் நர்ஸ் பதட்டத்துல வால்வைச் சடார்னு திறப்பா. உள்ள காத்து போய் இடிச்சு இறுகுற சூடே போதும். முதல்ல ஹோஸ் பத்தும். அப்புறம் மெத்தை. அதுல படுத்திருக்கிறவரைப் பெல்ட்டு போட்டுக் கட்டியிருக்கும். ஜன்னலைத் திறந்து குதிக்கவும் முடியாது. மேகத்துக்கு மேல இருப்பாங்க.

— இதெல்லாம் எனக்குத் தெரியாதா?

— தெரிஞ்சவன் வேலை மாதிரி இல்லையே. எந்த ஸ்பேனர் எடுத்தே? பச்சைப் பெட்டிதானே?

— பச்சைப் பெட்டிதான். சத்தியமா.

— அதை யாராவது சக்கர வேலைக்குத் தூக்கிட்டுப் போனாங்களா?

— ஆக்சிஜன் வேலைக்கு மட்டும், வேற எவனாவது தொட்டா விரலை உடைப்பேன்னு பெட்டி மேலயே எழுதி ஒட்டியிருக்கேன். பக்கத்துல போகக்கூட பயப்படுறானுங்க.

— கையுறை?

— போட்டிருந்தேன்.

— முழு நேரமும்?

— இருங்க, வாக்கிடாக்கி... சொல்லுங்க கேப்டன். ஆமா, உள்ளதான் இருக்கோம்... கொஞ்ச நேரம்... கொஞ்சம்னா கொஞ்சம்தான் கேப்டன்... சரி. சரி, சொல்றேன்.

— என்னவாம்?

— பேஷண்டுக்கு மூச்சு இழுக்குதாம். ஆம்புலன்ஸ் சிலிண்டர் தீரப் போகுது. சாயங்காலத்துக்குள்ள பெரிய ஊர் ஆஸ்பத்திரிக்குப் போய் ஆபரேஷன் டேபிள்ல படுக்கணும். இல்லாட்டி அந்த நுரையீரல் தாங்காதுன்னு டாக்டர் எழுதியே கொடுத்திருக்காராம்.

— ஸ்டோர்ல ஆம்புலன்ஸ் சிலிண்டர் ரெண்டு இருக்கு. ஒண்ணைக் கொடுக்கச் சொல்லு. சொல்லிட்டு, நான் கேட்டதுக்குப் பதில் சொல்லு.

— கேப்டன், ஸ்டோர்ல கேட்டு ஒரு சிலிண்டரை ஆம்புலன்ஸுக்குக் கொடுத்துருங்க... ஆமா, அவங்கதான் சொல்றாங்க... என்ன கேட்டீங்க?

— கையுறை.

— ...மரை பிடிக்கிற வரைக்கும் கழட்டினேன்.

— ம்.

— ரப்பர் வழியா தெரியாது அண்ணி. மரை நேரா பிடிக்குதா, கோணலா ஏறுதான்னு வெறும் விரலுக்குத்தான் தெரியும். முதல் சுத்து விரல்ல, மிச்சம் ஸ்பேனர்ல. எல்லாரும் அப்படித்தான் பண்றோம்.

— எல்லாரும் அப்படித்தான் பண்றீங்கன்னு தெரிஞ்சுதான் எனக்கு இந்த டார்ச்சைக் கொடுத்திருக்காங்க. கையை நீட்டு.

— கழுவினேன்.

— நீட்டு.

— கழுவிட்டுத்தான் வந்தேன்னு சொல்றேன்ல...

— பாரு. விரல் நுனி பூரா மின்மினிப் பூச்சியை நசுக்கின மாதிரி இருக்கு. தண்ணியில நனைச்சிருக்கே. சோப்பு போடல.

— அவசரம்.

— கிட்ட கொண்டு வா.

— எதுக்கு? ஐயே, என்ன இது, நாய் மாதிரி மோந்துக்கிட்டு...

— நெஞ்சுக்குத் தடவுற களிம்பு.

— ஆமா. எனக்குச் சளி.

— உனக்கா? குரல் வெண்கல மணி மாதிரி இருக்கு.

— காலைல இருந்துச்சு. இப்ப விட்டிருச்சு.

— நல்ல களிம்புதான்.

— ...லைட்டைப் போடவா?

— இரு. பேஷண்ட் யாரு?

— யாரோ ஒருத்தர்.

— கூட யாரு போறா?

— நர்ஸ் போறாங்க. சொந்தக்காரங்களைப் பத்தி எனக்கென்ன தெரியும். நான் மெக்கானிக்.

— கேட்கணும்னு விதி. சொந்தம் யாராவது ஏறினா நானும் கையெழுத்துப் போடக்கூடாது, நீயும் ஸ்பேனரைத் தொடக்கூடாது. அதனால கேட்கிறேன்.

— மூணாம் மனுஷன் அண்ணி. யாருக்கும் சொந்தமில்ல.

— மூணாம் மனுஷன்.

— ஆமா.

— சரி. கேட்டாச்சு.

— போன தடவை நம்ம வழுக்கை இன்ஸ்பெக்டர், மாமியார் ஏறுறாங்கன்னு ஒதுங்கிக்கிட்டாரே. அதுல எனக்கு ஒரு சந்தேகம். மாமியார்ங்கிறதால பார்க்காமலே கையெழுத்துப் போட்டுருவான்னு பயமா, இல்ல போடவே மாட்டான்னு பயமா?

— அவர் மாமியாரை நீ பார்த்திருந்தா கேட்க மாட்டே. அவரு இன்னைக்கு லீவு. நான் ஒதுங்கினேன்னா பிளேன் நாளைக்குத்தான்.

— நீங்க ஏன் ஒதுங்கணும்?

— நான் ஒதுங்குறேன்னு சொல்லலையே. லைட்டைப் போடு. சிலிண்டரை மூடி, உள்ள இருக்கிற அழுத்தத்தை இறக்கு. அந்த ஹோஸைக் கழட்டு. பேனல்ல இருக்கிற முனையையும் கழட்டு. ரெண்டும் ஸ்டோர்ல இருந்து புதுசு வரட்டும், சீல் பிரிக்காத பாக்கெட்டா.

— முனையுமா? அண்ணி, முனையைக் கழட்டணும்னா பேனலையே திறக்கணும்.

— திற.

— வெளிய ஒருத்தன் மூச்சுக்குத் தவிக்கிறான்.

— தெரியும்.

— தெரியாது உங்களுக்கு. தெரிஞ்சா இப்படிக் கல்லு மாதிரி உக்காந்திருக்க மாட்டீங்க.

— பேசிக்கிட்டே கழட்டு. கை ஓடட்டும்.

— எங்கண்ணன் சொல்றது சரிதான். உங்ககூட குடும்பம் நடத்துறது தினமும் செக்கிங்குக்கு நிக்கிற மாதிரின்னு.

— சொல்வார். ராத்திரி எழுந்து போய் காஸ் அடுப்பை அணைச்சாரான்னு பார்ப்பேன். அதைச் சொல்லிச் சிரிப்பார். ரெண்டு ராத்திரி அடுப்பு அணைக்காமத்தான் இருந்துச்சு. அதை யார்கிட்டயும் சொன்னதில்ல அவர்.

— ஒரு ஸ்க்ரூ வந்திருச்சு.

— எப்படி இருக்கார்?

— யாரு?

— உங்கண்ணன்.

— இருக்கார்.

— சிகரெட்?

— விட்டுட்டார்... குறைச்சிட்டார்.

— ம்.

— இன்னும் ரெண்டு ஸ்க்ரூதான்... இந்தா வந்திருச்சு. ஸ்டோர்காரர் பாக்கெட்டைப் படிக்கட்டுல வெச்சிட்டுப் போயிட்டார், எடுத்துக்கிறேன்.

— முதல்ல போய் கை கழுவு. சோப்பு போட்டு, நகத்துக்குள்ள. சட்டையையும் மாத்து. இந்தச் சட்டையிலதான் கையைத் துடைச்சிருப்பே.

— சட்டையா? வேற சட்டைக்கு எங்க போவேன்?

— கேப்டன்கிட்ட கேளு, அவசரத்துக்கு ஒண்ணு வெச்சிருப்பார். போ.

— ...வந்துட்டேன். கேப்டன் சட்டை எனக்குப் பாவாடை மாதிரி இருக்கு. ஆம்புலன்ஸ் பக்கமாத்தான் வந்தேன்.

— எப்படி இருக்காம்?

— புதுச் சிலிண்டர் மாட்டியாச்சு. கண்ணு திறந்துதான் இருக்கு. மூச்சு மட்டும்... ரம்பம் அறுக்கிற மாதிரி.

— கையைக் காட்டு... திருப்பு... சரி. கையுறை போடு.

— நீங்களே மாட்டிருங்களேன். உங்க கை சுத்தம்.

— நான் மாட்டினா யாரு செக் பண்றது?

— கை நடுங்குது அண்ணி.

— நடுங்கட்டும். மெதுவா நடுங்கு.

— சிரிப்பு வேறயா இந்த நேரத்துல.

— கையுறையைக் கழட்டாம மரையைப் பிடி. பிடிக்கலைன்னா எடுத்துட்டு மறுபடி பிடி. அவசரப்பட்டு அழுத்தாதே.

— ...பிடிக்கல.

— எடு. மறுபடி.

— ஒண்ணு கேட்கிறேன், கோவிச்சுக்காதீங்க. அந்த ஸ்ட்ரெச்சர்ல படுக்கப் போறது யாரோ இல்ல, உங்க சொந்த ஆளுன்னு வெச்சுக்குவோம். அப்பவும் இப்படித்தான் உயிரை வாங்குவீங்களா?

— மாட்டேன்.

— பார்த்தீங்களா.

— சொந்த ஆளா இருந்தா இன்னொரு தடவை கழட்டி மாட்டச் சொல்வேன்.

— ...பிடிச்சிருச்சு. நேராத்தான் ஏறுது.

— ஸ்பேனர். எவ்வளவு இறுக்கணுமோ அவ்வளவுதான்... போதும். வால்வைத் திற. மெதுவா. இன்னும் மெதுவா. தூங்குற குழந்தை கைக்குள்ள இருந்து விரலை உருவுற மாதிரி.

— பிரஷர் முள்ளு ஏறுது... ஏறுது... நின்னிருச்சு.

— கசிவு பார்க்கிற நுரையைத் தடவு.

— தடவியாச்சு. ஒரு குமிழ்கூட இல்ல, பாருங்க.

— இந்தப் பக்கம்?

— இங்கயும் இல்ல.

— கீழ?

— இல்ல அண்ணி. சொட்டுக் கசிவு கிடையாது. லைட்டை அணைச்சு டார்ச் அடிங்க... பாருங்க, கரிக்கட்டை மாதிரி கறுப்பு. மினுக்கமே இல்ல. எடுங்க பேனாவை.

— நுரையைத் துடைச்சிட்டு, வால்வை மூடு.

— மூடியாச்சு.

— அழுத்தத்தை இறக்கு. ஹோஸைக் கழட்டு.

— ஏன்?

— கழட்டி மறுபடி மாட்டு.

— எல்லாம் சரியா இருக்குன்னு உங்க கண்ணாலயே பார்த்தீங்க. எந்தப் புஸ்தகத்துல இருக்கு, சரியா இருக்கிறதைக் கழட்டி மாட்டணும்னு?

— எந்தப் புஸ்தகத்துலயும் இல்ல. மாட்டு. என்ன பார்க்கிறே?

— ...சரி அண்ணி.

— புது சீல் வளையம் போடு, பாக்கெட்டுல இன்னொண்ணு இருக்கும்... ம். இப்ப கை நடுங்கலையே.

— இல்ல.

— மெதுவாத் திற... நுரை... காட்டு. இந்தப் பக்கம்... சரி. துடை. டார்ச்... சரி.

— போதுமா?

— கொடு அந்தப் பேப்பரை. எங்க போடணும்... இங்க. ம். போட்டாச்சு. ஏத்தச் சொல்லு.

— கேப்டன்... ஆமா, போட்டுட்டாங்க. ஏத்தலாம்... சரி கேப்டன்.

— நில்லு. ஏத்துறதுக்கு முன்னாடி அந்தக் களிம்பைச் சுத்தமாத் துடைச்சிரு. நெஞ்சுல, மூக்குக்குக் கீழ, காதுக்குப் பின்னாடி. மாஸ்குக்குள்ள ஒரு பொட்டு எண்ணெய் இருக்கக்கூடாது.

— எந்தக் களிம்பு? யாருக்கு... எனக்கு எதுவும்...

— காதுக்குப் பின்னாடி தடவினாத்தான் உங்கண்ணனுக்குத் தடவின மாதிரி இருக்கும். நீயும் கொஞ்சமா தடவியிருக்க மாட்டே.

— ...எப்பத் தெரிஞ்சுது?

— உன் கையை மோந்தப்போ. அந்த டப்பா இல்லாம அவர் படுத்ததே இல்லையே.

— அப்புறமுமா கையெழுத்து... விதி இருக்கே அண்ணி.

— மூணாம் மனுஷன்னு நீதானே சொன்னே. நான் கேட்டேன், நீ சொன்னே.

— ராத்திரியில இருந்து ஆஸ்பத்திரியிலதான் இருக்கார். காலைல மூச்சு முட்டுதுன்னு அந்த டப்பாவைக் கேட்டார். தடவி விட்டுக்கிட்டு இருக்கும்போதே போன் வந்துச்சு, சாமான் மாட்டணும், உடனே வான்னு. அப்படியே ஓடி வந்துட்டேன். சொல்லியிருந்தா நீங்களும் ஒதுங்கணும், நானும் ஒதுங்கணும்...

— தெரியுது. போ.

— துடைக்க விட மாட்டார் அண்ணி. அடம் பிடிப்பார். நீங்க ஒரு எட்டு வந்து சொன்னா கேட்பார். அங்கதான், வாசல்லதான் நிக்குது வண்டி.

— வர மாட்டேன்.

— ஒரு நிமிஷம். மூஞ்சியைக் காட்டிட்டு வந்துருங்க. அந்த ஊர்ல கத்தி வெச்சப்புறம் எப்படியோ, யாருக்குத் தெரியும்...

— நீ போனா தம்பின்னு கூப்பிடுவார். ஊர்ல எல்லாரும் எல்லாரையும் அப்படித்தான் கூப்பிடுறாங்க, நர்ஸ் கண்டுக்க மாட்டா. என்னைப் பார்த்தா அவர் அப்படிக் கூப்பிட மாட்டார். அந்த இழுப்புலயும் என் பேரைச் சொல்லி, பக்கத்துல உக்காருன்னுதான் சொல்வார். கேப்டன் காதுல விழுந்தா பிளேன் கிளம்பாது. நீயே போய்த் துடை... திட்டினா, நான் செக் பண்ணச் சொன்னேன்னு அவர் காதுல மட்டும் சொல்லு.