மோகபார்க்கனில் ஏழு மணி

தலைமை நாற்காலியை நிறைத்திருக்கும் கிறிஸ்துநாயகம் அண்ணை அவர்களே! இந்த டென்மார்க் எஸ்பியர்க் காற்றுக்கு அஞ்சாமல் சேலை கட்டி வந்திருக்கும் தாய்மாரே! தமிழகத்திலிருந்து வந்து கடலில் காற்றாலைகளைச் சுழல வைக்கும் தம்பி தங்கையரே! பின்வரிசையில் டேனிஷில் கதைத்துக்கொண்டிருக்கும் பிள்ளைகளே! அனைவருக்கும் இந்த விமலராணியின் மாலை வணக்கம்.

நம் குடியிருப்பைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். மோகபார்க்கன் என்ன மாளிகையா? இல்லை. மலர்த்தோட்டமா? அதுவும் இல்லை. மஞ்சள் செங்கல்லில் நாலு மாடிக் கட்டடங்கள். துறைமுகக் காற்று அடித்தால் சைக்கிள்கள் வரிசையாக விழும். யாருடையது என்று பாராமல் நிமிர்த்திவிட்டுப் போகும் மனிதர்கள் இங்கே உண்டு. துணி துவைக்கும் அறையில் முறைக்காகச் சண்டை பிடிப்போம், பிறகு சேர்ந்து கோப்பி குடிப்போம். ஞாயிறு காலையில் ஒரு வீட்டில் ஜெபப் பாட்டு, எதிர்வீட்டில் சாம்பார் வாசம். எல்லாம் இருக்கிறது. இல்லாதது ஒன்றே ஒன்று: லிஃப்ட்!

கை தட்டாதீர்கள். இல்லாத பொருளுக்கு எதற்குக் கைதட்டல்?

என் கட்டடத்து மூன்றாம் மாடி அந்தோனிதாசன் அண்ணையை அறியாதவர் யார்? மீன் தொழிற்சாலையில் நின்று நின்றே முழங்கால் தேய்ந்தவர். போன ஆண்டு குடியிருப்பாளர் கூட்டத்தில் லிஃப்டுக்கு வாக்கெடுத்தார்கள். வாடகை கூடும் என்று கீழ்த்தளத்தார் எதிர்த்தார்கள். வீட்டுக்கு இரண்டு வாக்கு. நாம் சேர்ந்தால் வெற்றி. சேர்ந்தோமா? சேர்ந்தோம்! எப்போது? கூட்டம் முடிந்த பிறகு! வடை சூடாக வந்தது, வாக்கு ஆறிப்போயிருந்தது.

அருள்மலர் அக்கா வாசலில் நின்று கேட்டார்: "ஏழு மணி எண்டால் எட்டு மணிக்குத்தானே துவங்கும்?"

வெங்கட் தம்பி சொன்னார்: "நானும் அப்படித்தான் நெனச்சேங்க்கா."

டேனிஷ்காரர்கள் ஆளுக்கொரு வடை எடுத்து, மனதாரப் பாராட்டிவிட்டு வீட்டுக்குப் போனார்கள். சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். அந்தோனிதாசன் அண்ணை படி இறங்கச் சிரமப்பட்டு அதற்குப் பிறகு ஞாயிறு ஆராதனைக்கு வரவில்லை. அவருடைய வெறும் நாற்காலியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது.

கெஞ்சிக் கூத்தாடி அதே வாக்கெடுப்பை இன்று மறுபடியும் கொண்டுவந்திருக்கிறோம். ஏழு மணிக்கு, அடுத்த அறையில். யார் அங்கே? "அக்கா, நேரமாகுது, முடியுங்கோ" என்கிறாரா றொஜிதன்? முடிக்கிறேன் தம்பி, அதற்குத்தானே வந்தேன்!

நான் இங்கே புறப்படும்போது அண்ணை படியில் நின்றார். இரண்டு கையாலும் கைப்பிடியைப் பிடித்திருந்தார்.

"ஏன் அண்ணை, கூப்பிட்டிருந்தால் நாங்கள் வந்து இறக்கியிருப்பமே?" என்றேன்.

"நீங்கள் எட்டு மணிக்கு வருவியள் பிள்ளை. நான் இப்பவே இறங்கிறன்" என்றார்.

அன்பர்களே! அவர் மாளிகை கேட்டாரா? மாலை கேட்டாரா? மேடை கேட்டாரா? தன் வீட்டிலிருந்து தெருவுக்கு இறங்க ஒரு வழி கேட்டார்! இப்போது அடுத்த அறையில் முதல் நாற்காலியில் தனியாக இருக்கிறார். நம் பேச்சால் லிஃப்ட் ஏறாது. நம் கை உயர்ந்தால் ஏறும்!

பேச அழைத்தவர்களுக்கும் பொறுத்துக் கேட்டவர்களுக்கும் நன்றி. தலைவர் அவர்களே, உங்கள் முடிவுரை காத்திருக்கட்டும். வடைத் தட்டுகளை இங்கேயே வையுங்கள். எல்லோரும் எழும்புங்கள். என் நிறைவு வணக்கத்தை அண்ணைக்குப் பக்கத்து நாற்காலியில் இருந்து சொல்கிறேன்.