சங்கரன் எழுதிய திருத்தம்

ஆழ்வார்திருநகரி போகும் பேருந்தில், என் முன் இருக்கையில் இரண்டு நண்பர்கள் உட்கார்ந்திருந்தார்கள். மடியில் கணினிப் பை வைத்திருந்தவர் சொன்னார்: "எங்கூட வேல பாத்த சங்கரன் செத்தப்பகூட நான் அழல. நேத்து அவன் ஃபைல அழிச்சப்பதான் அழுதேன்."

"என்ன ஃபைலுலே?"

"நாங்க பேக்கேஜ் பண்ணி மத்தவங்களுக்குக் கொடுக்குத ஒரு சாஃப்ட்வேர்ல பிழை இருந்துச்சு. அத எழுதுதவங்க வெளிநாட்டுக்காரங்க. சங்கரன் திருத்தி அனுப்பினான். சரியில்லன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. அதனால அவன் திருத்தத்த தனி ஃபைலா வச்சுக்கிட்டோம். ஒவ்வொரு தடவ பில்ட் பண்ணி சாஃப்ட்வேர உருவாக்கும்போதும் அவங்க கோடிங் மேல அத போட்டுக்கிடுவோம்."

"இப்ப என்ன ஆச்சு?"

"புது வெர்ஷன் வந்துச்சு, பில்ட் பாதியில நின்னுட்டு. இந்தத் திருத்தம் ஏற்கெனவே உள்ள இருக்குன்னு காட்டுது. அன்னைக்கு வேண்டாம்ன்னவங்களே சேத்துட்டாங்க. இனி நம்ம ஃபைல் வேண்டாம்."

பேருந்து ஒரு நிறுத்தத்தில் நின்று கிளம்பியது.

"அவன் பொஞ்சாதிகிட்ட சொன்னியா?"

"போன்ல சொன்னேன். 'அப்ப அவரு எழுதுனது சரிதானா அண்ணே'ன்னு கேட்டா. ஆமான்னேன்."