அலகை நீயே எடு

மேடையில் இருக்கும் முதலாளி அவர்களே, சங்கத் தலைவர் அவர்களே, முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் என் தங்கச்சியே, சட்டையில் ஒட்டிய மரத்தூளைத் தட்டக்கூட நேரமில்லாமல் ஓடிவந்த தோழர்களே! வணக்கம்.

மறைந்த நம் வளைவு மேஸ்திரியைப் பற்றி நான் பேசாமல் வேறு யார் பேசுவது? அவர் என் தங்கச்சி வீட்டுக்காரர். இருபத்தெட்டு வருஷம் ஒரே ரம்பத்தில் அந்தப் பிடி அவருக்கு, இந்தப் பிடி எனக்கு.

தடிமரத்தில் வளைவு அறுப்பது லேசான வேலையா? ரம்பத்தில் அகல அலகு மாட்டினால் திரும்பாது. ஒடுங்கிய அலகு அழகாகத் திரும்பும். மரத்துக்குள் போனதும் முறுக்கிக்கொள்ளும். எந்தக் கட்டைக்கு எந்த அலகு என்று தொட்டே எடுப்பாரே, அந்தக் கைக்குத்தான் மேஸ்திரிப் பட்டம்!

ஒருநாள் படகுக்கு விலாக்கட்டை அறுத்தோம். அரையடித் தடிமன். அவர் கோடு போட்டார், அலகை நான் மாட்டினேன். சுலபமாகத் திரும்பட்டுமே என்று ஒடுங்கியதை மாட்டிவிட்டேன். அறுத்து முடித்தால் மேல்கோடு சரி, கீழ்க்கோடு சரி. மூலைமட்டத்தை வைத்துப் பார்த்தார். நடுவில் குழி! மேடு என்றால் சீவலாம், குழியை என்ன செய்வது?

"பலகை அடிச்சா மறைஞ்சிடும் மச்சான். யாருக்குத் தெரியப்போவுது?" என்றேன்.

"தண்ணிக்குத் தெரியும்."

நேரே இப்போதைய முதலாளியின் அப்பாவிடம் போனார். "மாட்டினது இவன், பாக்காம அறுத்தது நான்" என்றார். மூன்று மாதம் இரண்டு பேரையும் மரம் இறக்கப் போட்டார்கள். தோள் உரிந்தது. காட்டிக்கொடுத்துவிட்டாரே என்று அவரோடு பேச்சை நிறுத்தினேன். அவர் வீட்டுப் படியையும் மிதிக்கவில்லை. "ரெண்டு பேரு வாயிலயும் மரத்தூளா அடைச்சிருக்கு?" என்று இதோ, என் தங்கச்சி அழுதாள்.

மறுபடி ரம்பத்துக்கு வந்தோம். முதல் கட்டையே அதே தடிமன், அதே வளைவு. அலகுப் பெட்டியைத் தூக்கிவந்து என் மடியில் வைத்தார். பட்டறையே பார்த்தது.

"நீயே எடு மச்சான்."

மூன்று மாதத்துக்குப் பிறகு வாய் திறந்தேன். "மறுபடியும் கெடுத்துட்டா?"

"மறுபடியும் மரம் இறக்குவோம். என்ன, இந்தத் தடவை பேசிக்கிட்டே இறக்குவோம்."

பட்டறை சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை, கண்தான் நிறைந்தது. ஒடுங்கியதை ஒதுக்கிவிட்டு, ஒரு விரல் அகலம், பெரிய பல், அதை எடுத்தேன். அறுத்து முடித்ததும் மூலைமட்டத்தையும் என் கையிலேயே கொடுத்தார். மட்டத்துக்கும் மரத்துக்கும் நடுவில் ஒளி புகவில்லை தோழர்களே! அப்படி நம்பிய மனுஷனை இனி எங்கே போய்த் தேடுவேன்?

அவர் கோடு போட்டு வைத்த கட்டை ஒன்று அறுக்காமல் கிடக்கிறது. நாளைக் காலை இந்தப் பிடியில் நான் நிற்பேன். அந்தப் பிடிக்கு உங்களில் ஒருவர் வாருங்கள். அலகை நீங்களே எடுங்கள். கெட்டுப்போகுமோ என்று பயப்படாதீர்கள். மரம் இறக்க எனக்கு இன்னும் தோள் இருக்கிறது.