வெட்டுப்பனைன்னு பேரு வந்த கதை

ரோடு போடாத காலம் அது. செம்மணல் மேடு மேடாக் கெடக்குற தேரிக்காட்டு ஓரத்துல செந்தட்டிவிளைன்னு ஒரு ஊராம். அங்க பனையேறி சிவனணைஞ்சானுக்கு ஒரே மக, பேரு பட்டுக்கனியாம்.

“பெரியவளானா என்னட்டி செய்வ?”ன்னு கேட்டா, அண்ணாந்து பனையக் காட்டுவாளாம். “எங்கய்யா மாதிரி ஏறுவேன்.”

“பொட்டப்பிள்ள ஏறுனா பனை பட்டுப்போகும்ட்டி!”ன்னு ஊரே சொல்லுமாம்.

பட்டுப்போகுமாம்! எந்தப் பனை வந்து இவுக காதுல சொல்லிச்சோ? வெறகு சுமந்தது பொம்பள. அடுப்புப் புகையில வெந்து கருப்பட்டி காய்ச்சினது பொம்பள. அப்பல்லாம் பட்டுப்போகாத பனை, ஏறுனா மட்டும் பட்டுப்போகுமாக்கும்!

ஒரு வருசம் அய்யா மரத்துலருந்து விழுந்து இடுப்பொடிஞ்சு படுத்துட்டாராம். வீட்டுல உல கொதிக்கல. பட்டுக்கனி என்ன செஞ்சா? அய்யா தலப்பாகையக் கட்டுனா, அருவாப்பெட்டிய இடுப்புல மாட்டுனா, விடியுமுன்ன ஏறுனா. பாளையச் சீவுனா, பதனி எறக்குனா. ஆத்தாக்காரி கொண்டுபோய் வித்தாளாம். ஊர்ப்பெரியவர் முத்துமாலை பனையோலையில மடிச்ச பட்டையில ரெண்டு தடவ வாங்கிக் குடிச்சிட்டு, “இந்த வருசம் பதனி தேனா இருக்கே! யாரு ஏறுதா?”ன்னாராம். ஆத்தா காச முந்தியில முடிஞ்சிட்டு நடையக் கட்டிட்டாளாம்.

ஒருநா தலப்பாகை அவுந்து, சடை தொங்கிட்டுது. பாத்துட்டானுவோ. அம்புட்டுத்தான்! ஊர் கூடிச்சாம். “மரம் தீட்டாயிட்டு, வெட்டுங்கலே!”ன்னாராம் முத்துமாலை.

கோடாலி வாரதுக்கு முன்ன பட்டுக்கனி விறுவிறுன்னு உச்சிக்கு ஏறி உக்காந்துட்டாளாம்.

“எறங்குட்டி!”

“எறங்க மாட்டேன்!”

“வெட்டுலே!”ன்னாராம் பெரியவர். வெட்டுனான் ஒருத்தன், உசுரு மேல இருக்கையில! மரம் அதிர்ந்துதாம். பட்டுக்கனி உச்சியிலருந்து கத்துனாளாம்:

“வே பெரியவரே! தேனா இருக்குன்னு குடிச்சீரே, அது நான் எறக்குன பதனி! மரம் தீட்டுன்னா ஒம்ம வயிறும் தீட்டுதான். மொதல்ல அத வெட்டும்! பொறவு மரத்துக்கு வாரும்!”

கூட்டம் ரெண்டடி பின்னால நகந்துச்சாம். அம்புட்டுப் பேரும் குடிச்சவுகதான! அந்நேரம் சிவனணைஞ்சான் கையால ஊர்ந்து ஊர்ந்து வந்து, வெட்டுவாயில முதுகச் சாச்சு உக்காந்தாராம். “இனி வெட்டுலே”ன்னாராம். கோடாலிக்காரன் கோடாலியப் போட்டுட்டு வீட்டப் பாக்கப் போயிட்டானாம்.

பட்டுக்கனி தல நரைக்கிறமட்டும் பனையேறினாளாம். ஒரு மரம் பட்டுப்போகல.

அந்த ஒத்த வெட்டு விழுந்த பனைதான் வெட்டுப்பனை. இன்னைக்குப் பஸ்காரனும் அந்தப் பேரச் சொல்லித்தான் நிறுத்துதான். பதனிக்காலம் தொடங்குனா மொதக் கலயம் அந்தப் பனையோட அடிமூட்டுல பொட்டப்பிள்ளையளுக்குத்தான். ஒவ்வொருத்தியும் தான் என்ன ஆவேன்னு சத்தமாச் சொல்லிட்டுத்தான் குடிக்கணும்.

போன மாசியில ஒரு சின்னது, “நான் கப்பல் ஓட்டுவேன்”னுச்சு. பொறத்தால நின்ன ஒருத்தன் சிரிச்சான். பிள்ளையளா சேந்து அவன் கையிலிருந்த பட்டையப் பிடுங்கி மண்ணுல கவுத்திட்டாளுவோ. நல்லாச் செஞ்சாளுவோ!