மாலை ஜெபத்தில் நின்றுபோன சொல்

சைரன் அலறுகிறது. படியில் இறங்கிக்கொண்டிருக்கிறோம். லிஃப்ட் நின்றுவிட்டது. சக்கர நாற்காலியோடு ஒரு வயதான அம்மாளைத் தூக்கியிருக்கிறோம். முன்னால் கவிதா. பின்னால் நான். முதல் சத்தம் தூரத்தில், இரும்புக் கதவை அறைந்து சாத்தியது போல. இரண்டாவது பக்கத்தில். சன்னல் கண்ணாடி முழுக்கக் கொட்டுகிறது.

"குனிங்க ரூபிக்கா! தலையக் குனிங்க!"

குனிந்தேன். இறங்கினோம். அடித்தளத்துக்கு வந்துவிட்டோம்.

நான் சோமனூர். கவிதா வெள்ளகோவில். முதியவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு வெளிநாடு போனவர்கள். அந்த ஒரே அம்மாளை நான் பகலில் கவனிப்பேன், கவிதா இரவில். காலையிலும் மாலையிலும் வேலை மாறும்போது இருவரும் சேர்ந்திருப்போம்.

எங்கள் வீட்டில் விளக்கு போடும் நேரத்தில் குடும்ப ஜெபம் உண்டு. சிறு வயது முதல் பழக்கம். அங்கே போயும் விடவில்லை. தனியாக, வாய்க்குள் சொல்லிக்கொள்வேன். போர் மூண்டு குண்டு விழத் தொடங்கிய பிறகு ஒரு மாலை கவிதா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"சத்தமாச் சொல்லுங்கக்கா."

"நீ சாமி கும்புடறவளாச்சே கண்ணு."

"அதுக்கென்னங்க. தமிழ் காதுல உளுந்தாப் போதும்."

அன்று முதல் சத்தமாகச் சொன்னேன். பெரிய ஜெபம் இல்லை. இந்த நாளுக்காக நன்றி. வீட்டில் இருப்பவர்களை ஆசீர்வதியும். இந்த இரவு எங்களைக் காத்துக்கொள்ளும். கவிதா கண்ணை மூடமாட்டாள். என் வாயையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

நாற்காலியைத் தூக்கி இறங்கிய அந்த நாள் செவ்வாய்க்கிழமை. அடித்தளத்தில் அந்த அம்மாளுக்கு மூச்சு இழுக்கிறது. மருந்து மேலே, கட்டிலோரம்.

"எடுத்துட்டு வாரேனுங்க."

"வேண்டாம். இரு கவிதா."

"இதா, வந்தர்றேன்."

படியில் அவள் செருப்புச் சத்தம் கேட்கிறது. பிறகு மூன்றாவது சத்தம். அதைக் கேட்டதாகவே சொல்ல முடியாது. காது அடைத்தது. விளக்கு போனது. வாயெல்லாம் சுண்ணாம்புத் தூள். படிக்கட்டு இருந்த இடத்தில் வானம் தெரிந்தது.

ஊர் திரும்பினேன். எங்கள் சபைக் கோயிலில் எனக்காக நன்றி ஆராதனை வைத்தார்கள். ஆண்டவர் உங்களைக் காப்பாத்திப் போட்டாருங்க என்று கையைப் பிடித்துச் சொன்னார்கள். நல்ல மனதோடுதான் சொன்னார்கள். அப்படியானால் கவிதாவை? அந்தக் கேள்வியோடு வெளியே வந்து செருப்பைத் தேடினேன்.

அன்று மாலை என் கணவர் தாமஸ் தறியை நிறுத்திவிட்டு வந்தார். மகள் பாய் விரித்தாள். நான் ஜெபம் தொடங்கினேன். 'எங்களைக் காத்துக்கொள்ளும்' என்ற இடம் வந்தது. அங்கேயே நின்றுபோனேன். தாமஸ் முடித்தார்.

அதன் பிறகு அந்த நேரத்தில் சமையலறைக்குள் போய்விடுவேன். பக்கத்துக் குடோனில் தறி ஓடத் தொடங்கினால், குண்டு என்று பயந்து சுவரோரம் குந்திக்கொள்வேன். தாமஸ் என்னைக் கூப்பிடவில்லை. ஒரு நாள் மட்டும் சொன்னார். "நீ வராட்டிப் பரவால்ல. உம்பட பங்கையும் நாஞ் சொல்லிக்கிறேன்."

மழை தொடங்கும் முன் வெள்ளகோவிலுக்குப் பஸ் ஏறினேன். கவிதாவின் அம்மா வாசலிலேயே நின்றார். கண்ணம்மாள். தோட்ட வேலைக்குப் போய் மகளை வளர்த்தவர். தண்ணீர் கொடுத்தார். எதிரே உட்கார்ந்தார். எப்படி நடந்தது என்று கேட்கவில்லை.

"தெனமும் சாயந்தரம் நீங்க ஜெபம் பண்ணுவீங்களாமா. அவ போன்ல சொல்லுவா அம்மிணி."

"ஆமாங்கம்மா."

"அதை இங்க ஒருக்காச் சொல்லுங்க. எம்புள்ள கேட்டதை நானும் கேக்கோணும்."

வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது. சொன்னேன். நாளுக்கு நன்றி. வீட்டாருக்கு ஆசீர்வாதம். அந்தச் சொல் வந்ததும் நின்றுவிட்டேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். "அங்கயும் இப்படித்தான் நிறுத்துவீங்களா?"

"இல்லீங்கம்மா. இதைச் சொல்லித்தான் முடிப்பேன். ஆனா அவளைக் காக்கலீங்களே."

கண்ணம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு சொன்னார்: "நானுந்தான் அம்மிணி தெனமும் மாரியாத்தாளக் கேட்டேன். அதுக்காகக் கேக்காம இருக்க முடியுதுங்களா? இன்னைக்கு உங்க ஊட்டுக்காரருக்குக் கேளுங்க. உங்க புள்ளைக்குக் கேளுங்க. சொல்லிப்போடுங்க."

சொன்னேன். குரல் உடைந்து, பாதி காற்றாக வந்தது. அவர் என் கையைப் பிடித்தவர் விடவில்லை.

இப்போது தினமும் விளக்கு போடும் நேரத்தில் கண்ணம்மாளைப் போனில் கூப்பிடுகிறேன். போனைப் பாயில் வைத்துவிட்டு உட்காருகிறோம். சில நாள் முழு ஜெபமும் வருகிறது. சில நாள் முதல் வரியோடு நின்றுபோகும். அந்த நாட்களில் யாரும் எழுந்து போவதில்லை. அந்தப் பக்கம் அவர் மூச்சு விடுவது கேட்கும். என் கேள்விக்குப் பதில் கிடைக்கவில்லை. கேள்வியையும் கொண்டுபோய் அந்த ஜெபத்திலேயேதான் வைக்கிறேன்.

அந்தக் கட்டடத்தில் போனவர்களைச் சொல்லிவிடுகிறேன். முதல் மாடியில் ஒரு தகப்பனும் மகளும். பெயர் எனக்குத் தெரியாது. அந்த அம்மாள், மருத்துவமனையில், அதே வாரம். எனக்குப் போனது இடது காது. வெள்ளகோவில் கவிதா, வயது முப்பத்தொன்று. அவள் அம்மாவுக்கு வேறு பிள்ளை இல்லை.