சிவப்பு நூல் கட்டிய காய்கள்

எங்கள் குடியிருப்பில் சுவர்கள் மெல்லியவை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன் சார், இல்லாவிட்டால் இவளுக்கு அடுத்த வீட்டு விஷயமெல்லாம் எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். ஸ்டோர்கீப்பர் தலைக்கு மை பூசும் கிழமை எனக்குத் தெரியும். கணக்கரும் அவர் மனைவியும் யாரை வைத்துச் சண்டை போடுகிறார்கள் என்பதும் தெரியும். நான் ஒட்டுக்கேட்பதில்லை. தனிக்கட்டை வீட்டில் வேறு சத்தம் கிடையாது. வருவது காதில் விழுகிறது, அவ்வளவுதான்.

டாக்டர் பக்கத்து வீட்டுக்குக் குடிவந்தபோது ஒரு பெட்டியும் மகளின் படமும்தான் கொண்டுவந்தாள். ஊசி போடும் டாக்டர் இல்லை, எங்கள் ஆராய்ச்சிப் பண்ணைக்கு வந்த தக்காளி டாக்டர். என் தங்கை வயது, அதனால் அவள் என்றே சொல்கிறேன். வெள்ளை ஈ பரப்பும் இலைச்சுருட்டு நோயால் வட்டாரமே தக்காளிச் செடியைப் பிடுங்கிப் போட்டுக்கொண்டிருந்தது. சுண்டைக்காய் அளவே காய்க்கும் ஒரு காட்டுத் தக்காளிக்கு மட்டும் அந்த நோய் வராது. அந்தக் குணத்தை நம் பெரிய தக்காளிக்குள் கொண்டுவர வேண்டும். கொண்டுவந்துவிட்டால் கணவனும் மகளும் இருக்கும் ஊருக்கே மாற்றல் என்று மேலிடம் சொல்லியிருந்தது.

"சீக்கிரம் முடிச்சிட்டு ஓடிருவேன்க்கா" என்றாள், முதல் வாரமே. வந்து இன்னும் ஒழுங்காக உட்காரக்கூட இல்லை, அதற்குள் ஓட்டம்.

கலப்பு வேலை என்னுடையது. காட்டுச் செடியோடு முதலில் கலந்து வளர்த்த செடிகள் தொட்டியில் தயாராக இருந்தன. பெரிய தக்காளியின் பூ விரியும் முன்பே மொட்டைப் பிரித்து, மகரந்தப் பையைக் கிடுக்கியால் உருவிவிட்டு, தொட்டிச் செடியின் மகரந்தத்தை அதில் தொட்டு வைப்பேன். அந்தக் காம்பில் சிவப்பு நூல் கட்ட வேண்டும். நூல் இல்லாதவை தானாகக் காய்த்தவை. பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான், வித்தியாசம் விதைக்குள். நூல் உள்ள பழத்தில் மட்டுமே டாக்டர் விதை எடுப்பாள்.

என் கலப்பில் இதுவரை யாரும் பழுது சொன்னதில்லை. காய் பிடித்த பிறகு நூலை அவிழ்த்துப் பக்கத்துக் காயில் கட்டினேன். நான் செய்தது அவ்வளவுதான்.

அந்த விதையில் முளைத்த நாற்றுகளைச் சோதிக்க, வெள்ளை ஈ விட்ட கூண்டுக்குள் வைத்ததும் எல்லாம் சுருண்டன.

"எங்கயோ நழுவிப் போகுதுக்கா" என்றாள்.

"செடிதானே டாக்டர், மறுபடி செஞ்சா போச்சு. வாங்க, முதல்ல ஒரு வாய் சாப்பிடுங்க."

அன்றிலிருந்து என் வீட்டில்தான் சாப்பாடு. எதிரே ஒரு ஆள் உட்கார்ந்து சாப்பிட்டால் சமையலுக்கே வேறு மணம் வந்துவிடுகிறது.

ஒருமுறை, "நூல் மாறியிருக்காதேக்கா?" என்று கேட்டுவிட்டாள். நான் வாதாடவில்லை. கிடுக்கியையும் நூற்கண்டையும் அவள் கையில் கொடுத்துவிட்டு, தண்ணீர் ஊற்றும் வேலையை மட்டும் வைத்துக்கொண்டேன். தண்ணீர் ஊற்றுகிறவள் எல்லாச் செடியிடமும் போய்த்தானே ஆக வேண்டும். அவள் கட்டிய நூலும் இடம் மாறியது, நாற்றும் சுருண்டது. அதற்குப் பிறகு அவள் தன் கையையே நம்பவில்லை. கிடுக்கியைத் திருப்பித் தந்து மன்னிப்புக் கேட்டாள். நானும் பெரிய மனது பண்ணி மன்னித்தேன்.

போனை ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவாள், சுவர் வழியே எல்லாம் கேட்கும். மகள் முதலில் "எப்பம்மா வருவே?" என்று அழுவாள். போகப் போக, "அத்தை கூப்பிடறாங்க, வைக்கட்டா?" என்பாள். கடைசியில் கணவன் மட்டும் பேசினான். "அவ என் அக்காவைத்தான் அம்மாங்கறா. நீ இப்ப வந்து குழப்பாதே, விடு." அன்று என் வாசலில் வந்து நின்றாள். தட்டு போட்டேன். நான் மட்டும் இல்லாவிட்டால் அவளுக்கு யார் இருந்தார்கள், சொல்லுங்கள்.

போன மாதம் ஆராய்ச்சியை நிறுத்திவிட்டார்கள். திறமையில்லாதவள் என்று எழுதி வேலையை விட்டும் அனுப்பினார்கள். என்னிடம் சொல்லிக்கொள்ளாமலே போய்விட்டாள். பெட்டி இழுபடும் சத்தம்தான் கேட்டது.

நல்ல விதை எங்கே, இருந்தால் வேலையைத் திரும்பத் தொடங்கலாமே என்கிறீர்கள். இல்லை சார். எனக்கு எதையும் வீணாக்கும் பழக்கம் கிடையாது. நூல் அவிழ்த்த பழங்களை ஒவ்வொரு பருவமும் வெங்காயத்தோடு வதக்கி அவளுக்கே போட்டேன். "தக்காளி எங்கக்கா வாங்கறீங்க? நான் வாங்கினா இந்த ருசி இல்லையே" என்று இன்னொரு கரண்டி கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். அதனால், அவளுக்குச் சேர வேண்டியதை நான் பறித்துக்கொண்டேன் என்று மட்டும் எழுதாதீர்கள்.

யாரும் சந்தேகப்படாதபோது நானாக ஏன் உங்களிடம் ஒப்புக்கொள்ள வந்தேன் என்று கேட்டீர்கள். இதை நீங்கள் அவளுக்குத் தெரிவித்துத்தானே ஆக வேண்டும். தெரிந்தால் அவளால் சும்மா இருக்க முடியாது. கன்னத்தில் அறைவதற்காவது நேரில் வருவாள். எந்த நாள் என்று மட்டும் எனக்கு முன்கூட்டிச் சொல்லிவிடுங்கள் சார். அவளுக்குக் காரம் ஆகாது, தனியாகச் சமைக்க வேண்டும்.