போர்டில் இருந்த எண்

டிஸ்டெம்பர் அடித்த சுவரில் இரட்டைப் பக்க டேப் நிற்காது. இது பலருக்குத் தெரிவதில்லை. ஒட்டும்போது நன்றாகப் பிடித்துக்கொண்ட மாதிரிதான் இருக்கும். பத்து நிமிஷத்தில் சுவரின் தூளோடு உரிந்து வந்துவிடும். அதனால் ஓவிய நடைக்குப் பதினான்கு கடைகளிலும் நான் ஆணி அடித்து, நைலான் கயிறு கட்டித்தான் படங்களை மாட்டினேன். ரசமட்டம் வைத்துப் பார்த்தேன். ஒன்றுகூடக் கோணவில்லை.

நீங்கள் கேட்டது இது இல்லை என்று தெரியும், மேடம். அதற்கு வருகிறேன். ஒன்றன்பின் ஒன்றாகச் சொல்லித்தான் எனக்குப் பழக்கம். எழுதிக்கொண்டிருக்கிற அந்தக் கான்ஸ்டபிள் பெண்ணுக்கும் அதுதான் வசதி.

பெயர் சுப்பராயன். வயது நாற்பத்தேழு. பிள்ளைப்பாக்கம். ஒரகடத்தில் கார் பாகங்கள் செய்யும் கம்பெனியில் தகட்டை மிஷினில் அழுத்தி வடிவமாக்குகிற பிரஸ் ஷாப்பில் சூப்பர்வைசர், பதினெட்டு வருஷ சர்வீஸ். எங்கள் கம்பெனியில் பாதுகாப்பு வாரத்துக்கு ஓவியப் போட்டி வைப்பார்கள். ஆறு வருஷமாக அதற்கு நான்தான் நடுவர். ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்று நீங்கள் சிரிக்கலாம். ஆனாலும் ஒரகடம் வியாபாரிகளும் கம்பெனிகளும் சேர்ந்து இந்த ஓவிய நடையை ஏற்பாடு செய்தபோது, படங்களை வாங்கி மாட்டுகிற பொறுப்பை என்னிடம்தான் கொடுத்தார்கள்.

ஏற்பாடு இதுதான். ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள். கூட்டுரோட்டில் ஆரம்பித்து பேக்கரி, மொபைல் கடை, பைக் ஷோரூம், பிரியாணிக் கடை என்று பதினான்கு இடங்களில் இந்தப் பக்கத்து ஆட்கள் வரைந்த படங்கள் தொங்கும். ஜனங்கள் கடை கடையாக நடந்து பார்ப்பார்கள். ஆளுக்கொரு வட்ட ஸ்டிக்கர் கொடுப்போம். எந்தப் படம் பிடித்ததோ அதற்குக் கீழே ஒட்ட வேண்டும். அதிக ஸ்டிக்கர் வாங்கிய படத்துக்குச் சாயங்காலம் மேடையில் கேடயம். பிரியாணிக் கடைக்காரர் தனக்கு இரண்டு ஸ்டிக்கர் கேட்டார். நான் கொடுக்கவில்லை. சட்டம் எல்லாருக்கும் ஒன்றுதான்.

ஷாலின் என் லைனில் வேலை செய்த பெண். வாலாஜாபாத் பக்கம். இருபத்திரண்டு வயது. அப்பா சூசைராஜ் கட்டட மேஸ்திரி. எழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும் என்பதால், ஒவ்வொரு மணிக்கும் எத்தனை தகடு அடித்தோம் என்று வெள்ளைப் போர்டில் எழுதுகிற வேலையையும் நான் அவளுக்குக் கொடுத்திருந்தேன். அது என் தப்புதான் என்று இப்போது தோன்றுகிறது.

வியாழக்கிழமை அவள் தன் படத்தைக் கொண்டுவந்தாள். நாலாம் நம்பர் பிரஸ். அதன் முன்னால் முதுகைக் காட்டி நிற்கிற பாபு, முன்பு அதை ஓட்டியவன். தரையில் எண்ணெய்க் கறை, அதன்மேல் கிடக்கிற வேஸ்ட் துணி. மதியத்தில் கூரைத் தகட்டின் இடுக்கு வழியாக ஒரு மஞ்சள் வெளிச்சம் விழும். பதினெட்டு வருஷமாக அதில்தான் நிற்கிறேன், அவள் படத்தில் பார்த்த பிறகுதான் அப்படி ஒன்று இருப்பது எனக்கே தெரிந்தது. நல்ல படம். அதை நான் எங்கே வேண்டுமானாலும் சொல்வேன்.

பாபுவின் தலைக்கு மேல் போர்டு இருந்தது. அதில் 1310 என்று எழுதியிருந்தாள்.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். பிரஸ்ஸுக்கு முன்னால் கண்ணுக்குத் தெரியாத ஒரு வெளிச்சத் திரை உண்டு. சென்சார் என்போம். கை அதற்குள் போனால் மிஷின் இறங்காது. கை மட்டுமில்லை, தகட்டின் மூலை பட்டால்கூட நின்றுவிடும்; மறுபடி பட்டனை அழுத்தி ஓட்ட வேண்டும். அப்படி நின்று நின்று ஓடினால் ஒரு ஷிஃப்டில் தொள்ளாயிரத்தைத் தாண்ட முடியாது. சென்சாரை நிறுத்த ஒரு சாவி இருக்கிறது. அந்தச் சாவி என் இடுப்பில் இருக்கும். நிறுத்தினால் ஆயிரத்து முந்நூறு வரும்.

பிப்ரவரியில் பாபுவுக்கு வலது கையில் நாலு விரல் போனது அப்படி ஒரு நாளில்தான். சென்சார் ஓடிக்கொண்டுதான் இருந்தது, அவன்தான் அஜாக்கிரதையாக வேலை செய்தான் என்று ரிப்போர்ட் எழுதினேன். அவனை ஆம்புலன்ஸில் ஏற்றிக்கொண்டிருந்தபோது போர்டு ஞாபகம் வந்தது. முதலில் இருந்த ஒன்றைக் கட்டைவிரலால் அழித்தேன். மூன்றை எட்டாக்க இரண்டு வளைவு போதும். 810. அதற்குப் பிறகுதான் ரிப்போர்ட்டுக்குப் போட்டோ எடுத்தார்கள். பாபுவுக்கு நஷ்ட ஈடும் இல்லை, வேலையும் இல்லை. இப்போது ஒரு கல்யாண மண்டபத்தில் வண்டிகளுக்கு டோக்கன் போடுகிறான்.

ஞாயிற்றுக்கிழமை சிறப்பு விருந்தினர்கள், எங்களிடம் பாகம் வாங்குகிற பெரிய கம்பெனியின் பாதுகாப்பு அதிகாரிகள். 810 என்று போட்ட ரிப்போர்ட் அவர்களிடம் இருக்கிறது. அடுத்த மாதம் என்னை பிளான்ட் முழுவதற்கும் பாதுகாப்புப் பொறுப்பாளராகப் போடுவதாக இருந்தது. அந்த எண்ணைப் பார்த்ததும் எனக்குப் பயம் வந்தது. மறைக்கவில்லை. அதற்குப் பிறகு இன்றுவரை எனக்கு வேறு எதுவும் வரவில்லை.

வெள்ளிக்கிழமை அவளைக் கூப்பிட்டுத் தன்மையாகத்தான் கேட்டேன்.

"அந்த நம்பரை மட்டும் எடுத்துடும்மா ஷாலின். படத்துல நம்பர் இன்னாத்துக்கு?"

"இல்ல சார். நான்தான எழுதுனேன். பாபு அண்ணனுக்குக் கை போன அன்னிக்கு அதான் இருந்துச்சி. மாத்துனா அது வேற நாளு ஆயிடும் சார்."

"யாரு அதைப் போய்ப் பாக்கப் போறாங்க?"

"பாக்கறவங்க பாக்கட்டும் சார். பாபு அண்ணனையும் வரச் சொல்லிக்கீறேன்."

அவளுக்கு அந்த எண்ணின் அர்த்தம் தெரிந்திருந்ததா என்று கேட்கிறீர்கள். அன்று எனக்குப் புரியவில்லை. அவள் முகத்தில் கோபம் இல்லை. கறாராக எழுதுகிறவர்கள் முகம் அப்படித்தான் இருக்கும்.

படத்தையே மாட்டாமல் விட்டிருக்கலாமே என்பீர்கள். நோட்டீஸில் அந்தப் படத்தைத்தான் அட்டையில் போட்டிருந்தார்கள். சின்னதாக இருந்ததால் எண் தெரியவில்லை. அதுவும் போக, ஒன்றை மறைத்தால் இன்னொன்று வரைவாள். எண் அவள் தலையில் இருந்தாலும் வெளியே வருவது கை வழியாகத்தான். இதை நான் ஆத்திரத்தில் யோசிக்கவில்லை. ஷிஃப்டுக்கு ஆள் பிரிக்கிற மாதிரி உட்கார்ந்து யோசித்தேன்.

பாபு விஷயத்துக்குப் பிறகு அவள் மிஷின் வேண்டாம் என்று கேட்டு, தகடு பார்த்துப் பிரிக்கிற மேஜைக்குப் போயிருந்தாள். சனிக்கிழமை முதல் ஷிஃப்டில் ஆள் குறைவு என்று சொல்லி நாலாம் நம்பரில் நிறுத்தினேன். ஆள் குறைவுதான், பொய் இல்லை. காலையில் மரக்குச்சியைச் சென்சாருக்குள் நீட்டி, மிஷின் நிற்கிறதா என்று மூன்று தடவை பார்த்தாள். நின்றது. புதிதாக வருகிற எல்லாருக்கும் அதைச் சொல்லிக்கொடுப்பது நான்தான். மிஷினைத் தொடுமுன் குச்சி நீட்டு என்பேன். டீ பிரேக் முடிந்து வந்தும் நீட்டு என்று சொல்லிக்கொடுத்ததில்லை.

ஒன்பதரைக்கு டீ. எல்லாரும் போன பிறகு சாவியைத் திருப்பினேன். திருப்பினால் பேனலில் ஒரு பச்சை விளக்கு அணையும். அதன்மேல் எண்ணெய் படிந்து மாதக்கணக்காகிறது. எரிந்தாலும் அணைந்தாலும் ஒன்றுதான். துடைக்கச் சொல்ல வேண்டியதும் என் வேலைதான், எழுதிக்கொள்ளுங்கள்.

திரும்பி வந்தவள் மிஷினை இறக்குகிற பெடலில் கால் வைக்குமுன் என்னைப் பார்த்தாள்.

"சார், சென்சார் ஆன்லதான கீது?"

"ஆன்லதான்மா கீது. காலையில நீதான பாத்த."

பாபுவுக்கு அன்று சென்சார் இல்லை என்று தெரியும். தெரிந்துதான் தாளம் தப்பாமல் அடித்தான், கடைசியில் ஒரு தடவை தப்பியது. இவளுக்கு இருக்கிறது என்று நம்பிக்கை. பெடலிலிருந்து காலை எடுக்காமலே கையை உள்ளே விட்டுத் தகட்டை எடுக்கிற பழக்கம் அவளுக்கு உண்டு. சென்சார் இருந்தால் அதனால் ஒன்றும் ஆகாது. அதற்காக இரண்டு தடவை கண்டித்து ரிஜிஸ்டரில் எழுதியிருக்கிறேன். யார் பார்த்தாலும் அவள் பேரில்தான் தப்பு என்று தெரியும்.

பத்து இருபதுக்கு ஒரு தகடு சிக்கியது.

வலது கை, மணிக்கட்டு வரைக்கும். எல்லாரும் அவளைச் சுற்றி நிற்கும்போது சாவியைப் பழையபடி திருப்பிவிட்டேன். பிறகு என் பெல்ட்டைக் கழற்றி அவள் கைக்கு மேலே இறுக்கிக் கட்டினேன். முதலுதவிப் பயிற்சி எடுத்தவன் நான். ஆம்புலன்ஸில் கூடவே போனேன். இடது கையால் என் சட்டையைப் பிடித்துக்கொண்டே வந்தாள். ஆஸ்பத்திரியில் கை கழுவப் போனேன். சோப்பு தீர்ந்திருந்தது. தண்ணீரிலேயே கழுவினேன். அந்த நேரத்தில் என்ன நினைத்தாய் என்று கேட்டால், சோப்பைத்தான் நினைத்தேன்.

சூசைராஜ் சிமென்ட் ஒட்டிய லுங்கியோடு வந்தார். என்னைப் பார்த்துக் கும்பிட்டார்.

"நீங்க மட்டும் கட்டுப் போடலன்னா எம் பொண்ணு இன்னாயிருக்கும் சார். உசுருக்கு வந்தது கையோட போச்சி."

உட்காருங்கள் என்று சொல்லி அவருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தேன். அவர் குடிக்கவில்லை.

அவள் பிழைத்தால் பேசுவாளே என்று யோசிக்கவில்லையா என்று முதலிலேயே கேட்டீர்கள். யோசித்தேன். பேச்சு வேறு, போர்டு வேறு. கை போன வேதனையில் பேசுகிறாள் என்று எழுதிவிடலாம். எழுதுகிறவன் நான்தானே.

சாயங்காலம் வில்சனின் ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். ஷாலினின் படத்துக்கு அந்தக் கடையைத்தான் ஒதுக்கியிருந்தேன். வெளிச்சம் நன்றாக இருக்கும். வில்சன் ஒரு கஸ்டமருக்கு ஆதார் நகல் எடுத்துக்கொண்டிருந்தான். மாட்டுவதற்கு முன் வெள்ளை போஸ்டர் கலரால் முதல் ஒன்றை மறைத்தேன். மூன்றை எட்டாக்கினேன். பிப்ரவரியில் போர்டில் செய்ததைத்தான் மறுபடி செய்தேன். காய்ந்த பிறகு வித்தியாசமே தெரியவில்லை.

மேடம், இந்த இடத்தைத் தனியாக எழுதச் சொல்லுங்கள். ஒருத்தர் வரைந்ததில் இன்னொருத்தர் கை வைக்கக் கூடாது. ஆறு வருஷம் நடுவராக இருந்தவன் செய்கிற காரியமில்லை. அது தப்பு. அதற்கு நான் மன்னிப்புக் கேட்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை நல்ல கூட்டம். அதிகாரிகள் வந்து நின்று, படத்தை ரசித்து, அடுத்த கடைக்கு நகர்ந்தார்கள். பாபுவும் வந்தான். தன் முதுகையே ரொம்ப நேரம் பார்த்தான். பிறகு போர்டைப் பார்த்தான்.

"அன்னிக்கு நான் இவ்ளோதான் அடிச்சேனா சார்?"

"அவ்ளோதான் பாபு."

தலையை ஆட்டிக்கொண்டான். இடது கையால் ஸ்டிக்கரை உரிக்க முடியவில்லை. நான் உரித்துக் கொடுத்தேன், அவன் ஒட்டினான். என் ஸ்டிக்கரையும் அந்தப் படத்துக்குத்தான் ஒட்டினேன். இருப்பதில் அதுதான் நல்ல படம். மனசாட்சிக்கு விரோதமாக வேறு எதற்கும் ஒட்ட முடியாது.

மீதி உங்களுக்குத் தெரியும். செவ்வாய்க்கிழமை வில்சன் ஆஸ்பத்திரிக்குப் போய், எவ்வளவு ஸ்டிக்கர் பார் என்று செல்போனில் படத்தைக் காட்டியிருக்கிறான். மூன்று நாளாக வாய் திறக்காதவள், கையைப் பற்றிக்கூடக் கேட்காதவள், "நம்பர யாரு மாத்துனது?" என்று கேட்டாளாம். நோட்டீஸ் அடிக்க வியாழக்கிழமையே அந்தப் படத்தை வில்சன்தான் கலர் நகல் எடுத்திருக்கிறான். அது அவன் மிஷினில் இருந்தது. அதில் 1310. அதைக் கொண்டுவந்து உங்கள் மேஜையில் வைத்துவிட்டான். பதினான்கு கடைகள் இருந்தன. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தவன், நகல் எடுக்கிற கடையாகப் பார்த்து அதை மாட்டியிருக்கிறேன். இதை நினைத்தால்தான் எனக்குச் சிரிப்பு வருகிறது.

நேற்று உங்கள் ஆட்கள் என் வீட்டு ஷோகேஸிலிருந்து அந்தக் கேடயத்தை எடுத்தார்கள். திருடி வைத்திருந்ததாக எழுத வேண்டாம். ஷாலினுக்குக் கொடுக்கத்தான் துடைத்து வைத்திருந்தேன். முதல் பரிசு அவளுக்குத்தான், இருநூற்றுப் பதினேழு ஸ்டிக்கர். ஆஸ்பத்திரியில் இருக்கிறாள் என்று மைக்கில் சொன்னதும் எல்லாரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். அவள் சார்பில் யாராவது வாங்க வேண்டும், என்னைக் கூப்பிட்டார்கள். மேடையேறும் முன் செருப்பைக் கழற்றினேன். பெரியவர்கள் கொடுப்பதை ஒற்றைக் கையால் வாங்குவது மரியாதை இல்லை. அவளால் இனி வேறு மாதிரி வாங்க முடியாது என்பதால், அவளுக்காக நான் இரண்டு கையையும் நீட்டி வாங்கினேன்.